காதறாத பை

நுழையும்முன்

கடைக்குப் புறப்படுபவரின் கையில் பை இருப்பது ஒரு காலத்தில் வீட்டு ஒழுங்கின் அடையாளமாக இருந்தது. இடையில் மறக்கப்பட்ட அந்தப் பை இன்று மீண்டும் நினைக்கப்படுகிறது. எளிய துணிப்பை ஒன்றைத் தைப்பதற்கு ஊசி, நூல், கத்தரிக்கோல், பழந்துணி, ஒரு மாலைப்பொழுது ஆகியவை போதும். ஆயினும், தைத்த பை எத்தனை நாள் உழைக்கிறது என்பதே அதன் பயனை முடிவு செய்கிறது. பை தைக்கும் முறையையும் அதன் பின்னுள்ள காரணங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

பெயர் பல பெற்ற பொருள்

தமிழர் வாழ்வில் பைக்குப் பெயர்கள் பல. வெற்றிலை பாக்கு வைத்துக்கொள்வது அடைப்பை. அரசர்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்த பணியாளர் அடைப்பைக்காரர் எனப்பட்டார். துறவியர் தோளில் மாட்டிச் சென்றது பொக்கணம். மூதாட்டியர் இடுப்பில் செருகிக்கொள்வது சுருக்குப்பை. கயிற்றை இழுத்தால் வாய் சுருங்குவதால் அப்பெயர் பெற்றது. நெல்லும் பருப்பும் கட்ட உதவுவது கோணிப்பை. திருமண வீட்டார் விருந்தினர்க்குக் கொடுத்தனுப்புவது தாம்பூலப்பை. ஒவ்வொரு பெயரும் அந்தப் பை செய்யும் வேலையையோ அதன் அமைப்பையோ சுட்டுகிறது.

இவற்றுள் பெருவழக்குப் பெற்றது மஞ்சப்பை. மஞ்சள் மங்கலத்தின் நிறம் என்பதால் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் தங்கள் பெயரை அச்சிட்டு மஞ்சள் நிறத் துணிப்பைகளை வழங்கின. மணமக்களின் பெயர் பொறித்த பைகள் திருமணங்களில் கொடுக்கப்பட்டன. அப்பைகளில் காய்கறி வந்தது. நிலத்தின் பட்டாவும் குடும்ப அட்டையும் பத்திரமாக இருந்தன. மாற்றுடை ஒன்றை வைத்துக்கொண்டு வெளியூர்ப் பயணமும் நடந்தது. பின்னர், நெகிழிப்பைகள் பெருகிய காலத்தில், மஞ்சப்பையோடு நகரத்துக்கு வருபவர் நாகரிகம் அறியாதவர் என்னும் ஏளனமும் பிறந்தது. நல்ல வழக்கம் ஒன்று தேவையின்மையால் மறையவில்லை, கூச்சத்தால் மறைந்தது.

பேகம்பூரும் நீரின் விலையும்

ஒரு பையின் விலை கடையில் கொடுக்கும் பணத்தோடு முடிவதில்லை. அதை உருவாக்கச் செலவான நீரும், அதனால் கெட்டுப்போன நீரும் அக்கணக்கில் சேரும். இந்த உண்மையை அருகிலிருந்து கண்ட ஊர்களுள் ஒன்று திண்டுக்கல் நகரின் பேகம்பூர்.

மைசூர் அரசின் சார்பில் 1755ஆம் ஆண்டு திண்டுக்கல்லின் பொறுப்பை ஏற்றவர் ஐதர் அலி. அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் உள்ளது. அவர் நினைவாகவே இப்பகுதி பேகம்பூர் எனப் பெயர் பெற்றது என்பர். பிற்காலத்தில் இவ்வட்டாரம் தோல் பதனிடும் தொழிலால் அறியப்பட்டது. தென்னிந்தியாவில் முற்காலத்தில் ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களைக் கொண்டு தோல் பதனிடப்பட்டது. பின்னாளில் குரோமிய உப்புகளின் பயன்பாடு பெருகியது. பச்சைத்தோல் அழுகாதிருக்க இடப்படும் உப்பும், பதனிடப் பயன்படும் வேதிப்பொருள்களும் கழிவுநீரில் கலக்கின்றன. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பேறியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அதன் பின்னரே கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் போன்ற ஏற்பாடுகள் வந்தன. பலருக்கு வேலை தந்த அதே தொழில், நீருக்கும் ஒரு விலை உண்டு என்பதைக் கற்பித்தது.

திண்டுக்கல் மழைவளம் மிகுந்த சமவெளியன்று. நகரின் குடிநீருக்கு ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் போன்றவற்றை எதிர்நோக்கும் ஊரில், எந்தப் பொருளையும் அது செலவழிக்கும் நீரோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமை. நெகிழிப்பையையும் துணிப்பையையும் இந்த அளவுகோலாலேயே மதிப்பிட வேண்டும்.

ஒரு முறைக்கு ஒரு பை

இன்று உலகெங்கும் காணப்படும், கைப்பிடியோடு ஒரே தாளாக அமைந்த நெகிழிப்பையை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் இசுட்டென் குசுட்டாவ் தூலின். அவருடைய வடிவமைப்புக்கு 1965ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. தாள்பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைப்பதும் தம் தந்தையின் நோக்கமாக இருந்தது என்றும், அவர் அந்தப் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார் என்றும் அவருடைய மகன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். பலமுறை பயன்பட வேண்டுமென்று எண்ணிய பொருள், ஒரே முறை பயன்பட்டுக் குப்பைக்குச் செல்லும் பொருளாக மாறியது. குற்றம் பொருளில் மட்டுமன்று; பயன்படுத்தும் முறையிலும் உள்ளது.

வீசப்பட்ட பைகள் வடிகால்களை அடைத்தன. வெள்ளக் காலங்களில் அதன் கேட்டை உணர்ந்த வங்கதேசம், மெல்லிய நெகிழிப்பைகளை 2002ஆம் ஆண்டு நாடு முழுவதும் தடைசெய்தது. இவ்வாறு தடைசெய்த முதல் நாடு அதுவே. தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டம் முன்னரே இவ்வழியில் நடைபோட்டது. பின்னர், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு விதித்த தடை 2019ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்கும் குறிப்பிட்ட ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்கள் மீதான தடை 2022 சூலை 1 முதல் அமலானது.

தடை ஒரு பொருளை விலக்கும். அதன் இடத்தில் மற்றொன்று கைக்கு வந்தால்தான் விலக்கம் நிலைக்கும். இதனை உணர்ந்து, 2021ஆம் ஆண்டு திசம்பர் 23ஆம் நாள் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் சென்னையில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில், 10 ரூபாய் செலுத்தினால் துணிப்பை தரும் எந்திரம் கோயம்பேடு சந்தையில் நிறுவப்பட்டது. ஏளனத்துக்கு உள்ளான பை இவ்வாறு மதிப்போடு திரும்பி வந்தது.

துணிப்பைக்கும் உண்டு ஒரு கணக்கு

துணிப்பை ஏந்தினாலே சூழல் காக்கப்பட்டுவிடும் என்பது முழு உண்மையன்று. பருத்தியைப் பயிரிடவும், நூற்கவும், நெய்யவும், சாயமேற்றவும் நீரும் ஆற்றலும் தேவை. ஒரு கிலோ பருத்தித்துணி உருவாக உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் செலவாகிறது என்று நீர்த்தடக் கணக்கீடுகள் தெரிவிக்கின்றன. அவ்வாறாயின், 100 கிராம் எடையுள்ள சிறு பைக்குள் ஏறத்தாழ 1,000 லிட்டர் நீர் மறைந்திருக்கிறது.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு மற்றொரு கணக்கைத் தருகிறது. புதிய பருத்தியால் செய்த பை ஒன்றைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான், புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய நெகிழிப்பைக்கு அது நிகராகும் என்பது அந்த ஆய்வின் முடிவு. வீதியிலும் நீர்நிலையிலும் சேரும் நெகிழிக் குப்பையின் தீங்கு இக்கணக்கில் சேராது என்பதையும் உடன் நினைவிற்கொள்ள வேண்டும். எனவே இந்த எண் துணிப்பையைக் கைவிடச் சொல்லவில்லை. துணிப்பை நெடுநாள் உழைக்க வேண்டும் என்று சொல்கிறது. வாரம் மூன்று முறை சந்தைக்குச் செல்லும் பை, 131 முறையை எட்ட ஏறத்தாழ பத்து மாதங்கள் ஆகும். ஐந்தாம் முறையே காது அறுந்துவிடும் பை, எவ்வளவு அழகாயிருப்பினும், தன் கடனைத் தீர்க்காமலே குப்பையாகிவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு வழிகள் புலப்படுகின்றன. முதலாவது, புதுத்துணியை வாங்காமல் வீட்டிலுள்ள பழந்துணியைப் பயன்படுத்துதல். அத்துணிக்கான நீர் முன்பே செலவாகிவிட்டது. பையாக மாறும்போது அத்துணி இரண்டாம் வாழ்வு பெறுகிறது. இரண்டாவது, எளிதில் பிரியாதவாறு தைத்தல். கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்க்கு இந்த இரண்டும் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன.

துணியைத் தெரிந்தெடுத்தல்

பழைய படுக்கை விரிப்பு, சீருடைக் கால்சட்டை, ஜீன்ஸ், தடித்த பருத்திப் புடவை ஆகியவை பைக்கு ஏற்றவை. வேட்டி போன்ற மெல்லிய துணியை இரண்டு அடுக்காக வைத்துத் தைக்கலாம். வெட்டுமுன் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். முழங்கால், இருக்கை போன்ற தேய்ந்த பகுதிகளில் ஒளி மிகுதியாக ஊடுருவும், அவற்றை விலக்கவேண்டும். இரு கட்டைவிரல்களுக்கு இடையே துணியை அழுத்தி இழுக்கும்போது நூல் விலகினாலோ கிழியும் ஓசை கேட்டாலோ அத்துணி சுமை தாங்காது.

புதிய காடாத்துணியைப் பயன்படுத்துவதாயின், அதை ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பின்னரே வெட்டவேண்டும். காடாத்துணி முதல் சலவையில் சுருங்கும். சுருங்காத துணியில் அளந்து தைத்த பை, துவைத்த பின்னர் கோணிப்போகும்.

துணியின் நெய்வையும் அறிந்திருக்க வேண்டும். திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சின்னாளபட்டி, கைத்தறிக்கும் சுங்குடிப் புடவைக்கும் பெயர் பெற்ற ஊர். எந்தத் தறியிலும் நீளவாட்டில் இறுக்கிக் கட்டப்படுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. நெசவு முடியும்வரை இழுவிசையைத் தாங்கி நிற்பது பாவு நூல் என்பதால், துணி நீளவாட்டில் குறைவாகவே நெகிழும். குறுக்குவாட்டில் சற்று மிகுதியாக நெகிழும். மூலைவாட்டில் இழுத்தால் மிகவும் நீளும். ஆகவே, பையின் உயரமும் காதுகளின் நீளமும் பாவு ஓடும் திசையில் அமையுமாறு வெட்டவேண்டும். காதுகளை மூலைவாட்டில் வெட்டினால், சுமை ஏற ஏற அவை நீண்டு பை தரையைத் தொடும். துணியின் கரை எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுவே பாவின் திசை. கரை இல்லாத துண்டுத்துணியில் இரு பக்கமும் இழுத்துப் பார்த்தால், குறைவாக நெகிழும் திசை பாவின் திசை என அறியலாம்.

தெரிந்து தெளிவோம்

கடைகளில் கிடைக்கும் சில பைகள் பார்வைக்குத் துணி போலவே தோன்றும். ஆனால் அவை நெய்யப்பட்டவை அல்ல. பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழி இழைகளை வெப்பத்தால் ஒட்டி அவை செய்யப்படுகின்றன. அத்தகைய பையின் ஓரத்திலிருந்து நூலைப் பிரிக்க முயன்றால், பாவோ ஊடையோ தனியே வாராது. தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட 14 பொருள்களுள் நெய்யப்படாத இவ்வகைப் பைகளும் அடங்கும்.

அளத்தலும் வெட்டுதலும்

அகலம் 35 செ.மீ., உயரம் 40 செ.மீ. உள்ள பை அன்றாடத் தேவைக்குப் போதும். அடிப்புறத்தில் தையலே இல்லாதவாறு ஒரே துணியை நடுவில் மடித்துத் தைப்பது தொடக்க நிலையினர்க்கு எளிது. சுமையை ஏந்தும் அடிப்பகுதியில் பிரிவதற்கு ஒரு தையல் குறைகிறது.

வெட்டவேண்டிய துணியின் அளவை இவ்வாறு கணக்கிடலாம். முன்பக்கம் 40 செ.மீ., பின்பக்கம் 40 செ.மீ.; வாய்ப்பகுதியை மடித்துத் தைக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் 4 செ.மீ. ஆக நீளம் 88 செ.மீ. அகலத்தில், பக்கத் தையலுக்காக இருபுறமும் 1.5 செ.மீ. வீதம் கூட்டினால் 38 செ.மீ. காதுகளுக்கு 45 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள இரு துண்டுகள் தேவை. தோளில் மாட்டும் பையாயின் காதின் நீளத்தை 65 செ.மீ. ஆக்கிக்கொள்ளலாம்.

அளவுகளைத் தையல் சுண்ணக்கட்டியால் துணியின் உட்பக்கத்தில் வரைந்துகொள்ள வேண்டும். துணியை மேசையிலோ தரையிலோ சுருக்கமின்றி விரித்து, கோட்டின்மீதே நீண்ட வெட்டுகளாக வெட்டவேண்டும். துணியைக் கையில் தூக்கிப் பிடித்து வெட்டினால் கோடு வளையும். ஒருமுறைக்கு இருமுறை அளந்த பின்னர் வெட்டுவது நலம். குறைந்த அகலத்தைத் தையல் கூட்டித் தராது.

தையலின் இயல்பு

கையால் தைப்பவர்க்கு முதலில் அறிமுகமாவது ஓட்டுத்தையல். ஊசி துணிக்கு மேலும் கீழும் மாறிமாறிச் செல்லும். இத்தையலில் ஒவ்வோர் இடத்திலும் துணியின் ஒரு பக்கத்தில் மட்டுமே நூல் இருக்கும். அடுத்தடுத்து இடைவெளி விழும். நூலை இழுத்தால் துணி சுருங்கிவிடும். தற்காலிகமாகத் துணிகளை இணைத்து வைக்க இது உதவும். சுமை தாங்க உதவாது.

சுமை தாங்குவது பின்தையல். ஊசி ஓர் அடி முன்னேறி வெளிவந்ததும், அரை அடி பின்வாங்கித் துணிக்குள் நுழைந்து, மீண்டும் முன்னே வெளிவரும். இவ்வாறு மேற்புறத்தில் இடைவெளியற்ற கோடு அமைகிறது; கீழ்ப்புறத்தில் நூல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. 3 மி.மீ. அளவில் சீராகப் பின்தையல் போட்டால், கையால் தைத்த பையும் எந்திரத்தில் தைத்த பைக்கு ஈடாக உழைக்கும். 44 செ.மீ. நீளமுள்ள ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 150 தையல்கள் தேவைப்படும். பொறுமை என்பது இங்கே ஓர் அறவுரை அன்று. அது பையின் உறுதியைத் தரும் மூலப்பொருள்.

தையல் எந்திரத்தில் இரு நூல்கள் இயங்குகின்றன. மேல்நூல் ஊசி வழியாக வருகிறது. கீழ்நூல் பாபினிலிருந்து வருகிறது. இரண்டும் துணியின் நடுவே ஒன்றையொன்று பின்னிப் பூட்டிக்கொள்வதால் இது பூட்டுத்தையல் எனப்படுகிறது. பூட்டுக்குப் புகழ் பெற்ற திண்டுக்கல்லில் இப்பெயரை விளக்க வேண்டியதில்லை. அரிசி மூட்டையின் வாயில் போடப்பட்டிருப்பது வேறு வகை, அது சங்கிலித்தையல். உரிய முனையைக் கண்டு இழுத்தால் ஒரே இழுப்பில் முழுவதும் பிரிந்துவிடும். மூட்டை பிரிக்கப்பட வேண்டியது என்பதால் அதற்குச் சங்கிலித்தையல் பொருந்தும். பை பிரியக்கூடாதது என்பதால் அதற்குப் பூட்டுத்தையல் வேண்டும்.

நெருக்கமாகத் தைத்தால் உறுதி கூடும் என்பதும் ஓர் அளவுக்கே உண்மை. அஞ்சல்தலைத் தாளில் வரிசையாகத் துளைகள் இருப்பதால்தான் அது எளிதில் கிழிகிறது. துணியிலும் ஊசித்துளைகள் மிகநெருங்கினால் அந்தக் கோட்டிலேயே துணி கிழியும். ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்பது பைக்குத் தகுந்த அளவு. நடுத்தரத் துணிக்கு 14ஆம் எண் ஊசியும் ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16ஆம் எண் ஊசியும் ஏற்றவை.

பக்கத்தைத் தைத்தல்

வெட்டிய துணியின் ஓரத்தில் நூல்கள் பிசிறாக வெளிவரும். பிசிறு வளர வளரத் தையலுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட துணி குறைந்துகொண்டே வரும். முடிவில் தையல் பிடிப்பை இழக்கும். இதைத் தடுக்க, பிசிறை உள்ளே அடைத்துத் தைக்கும் பிரெஞ்சுத் தையல் உதவுகிறது. இதற்குத் தனிக்கருவி தேவையில்லை. ஒரே பக்கத்தை இருமுறை தைத்தால் போதும்.

முதலில், துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியுமாறு நடுவில் மடித்து, இரு பக்கங்களிலும் ஓரத்திலிருந்து 0.5 செ.மீ. உள்ளே தைக்கவேண்டும். நீட்டி நிற்கும் பிசிறுகளைக் கத்தரித்துவிட்டு, பையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பவேண்டும். ஓரத்தை விரலால் அழுத்திச் சீராக்கியபின், 1 செ.மீ. உள்ளே மீண்டும் தைக்கவேண்டும். இப்போது வெட்டிய ஓரங்கள் இரு தையல்களுக்கு நடுவே சிறைப்பட்டுவிடும். முன்பு அளவில் கூட்டிய 1.5 செ.மீ. இந்த இரு தையல்களுக்காகவே. ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் 1 செ.மீ. அளவுக்கு முன்னும் பின்னுமாகத் தைத்து நூலை நிறுத்தவேண்டும்.

வாயும் காதும்

காதுக்கான துண்டின் இரு நீள ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மீண்டும் ஒருமுறை இரண்டாக மடித்தால் 2.5 செ.மீ. அகலமுள்ள நான்கு அடுக்குப் பட்டை கிடைக்கும். அதன் இரு விளிம்புகளிலும் நீளவாட்டில் தைக்கவேண்டும். காது மெலிதாயின் நூல்போல விரலை அறுக்கும். அகன்றதாயின் சுமையைக் கை முழுவதும் பகிர்ந்தளிக்கும்.

பையின் வாயை முதலில் 1 செ.மீ. உள்ளே மடித்து, பின்னர் 3 செ.மீ. மடித்து இஸ்திரி போடவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும், பக்கத் தையலிலிருந்து 9 செ.மீ. தள்ளி, காதின் முனைகளை மடிப்புக்குள் 3 செ.மீ. செருகவேண்டும். மடிப்பின் கீழ் விளிம்பைச் சுற்றிலும் தைத்தபின், காதை மேல்நோக்கி நிமிர்த்தி, அது மடிப்பைக் கடக்கும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் அமையுமாறு தைக்கவேண்டும்.

இந்தப் பெருக்கல் குறித் தையல் அழகுக்காக இடப்படுவதன்று. 5 கிலோ சுமையுள்ள பையை இரு காதுகளாலும் தூக்கினால், நான்கு இணைப்புகளும் ஒவ்வொன்றும் 1.25 கிலோவைத் தாங்குகின்றன. ஒரு காதை மட்டும் பிடித்தால் ஓர் இணைப்பின் பங்கு 2.5 கிலோ ஆகிறது. சட்டென்று தூக்கும்போதும், மிதிவண்டியின் கைப்பிடியில் தொங்கிக் குலுங்கும்போதும் விசை மேலும் கூடும். ஒரே நேர்கோட்டில் தைத்திருந்தால் அவ்விசை முழுவதும் அந்தக் கோட்டின் ஒரு முனையில் குவிந்து, முதல் தையலை அறுக்கும். அடுத்தடுத்த தையல்கள் தாமே பிரியும். சதுரமும் பெருக்கல் குறியும் விசையைப் பல திசைகளில் பகிர்கின்றன. பெரும்பாலான பைகள் காதிலேயே கிழிகின்றன. ஆகவே மிகுந்த கவனமும் காதிலேயே வேண்டும்.

அடி அகன்ற பை

பாத்திரமோ புத்தகமோ சாயாமல் நிற்க வேண்டுமாயின், பையின் அடியை அகலமாக்கலாம். பையின் உட்புறத்தைத் திருப்பி, அடிமூலையில் பக்கத் தையல் அடிமடிப்பின்மீது பொருந்துமாறு தட்டையாக்கினால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் முனையிலிருந்து 5 செ.மீ. உள்ளே, பக்கத் தையலுக்குச் செங்குத்தாகக் கோடு வரைந்தால் அக்கோட்டின் நீளம் 10 செ.மீ. ஆகும். அதன்மேல் இருமுறை தைத்தால் அடியின் அகலம் 10 செ.மீ. ஆகிவிடும், பையின் உயரம் 5 செ.மீ. குறையும். கணக்குப் பாடத்தின் இருசமபக்கச் செங்கோண முக்கோணம் இங்கே துணியில் மடிந்து கிடக்கிறது.

தொடக்கப் பிழைகளும் திருத்தமும்

கற்பவர்க்குப் பிழைகள் நேர்வது இயல்பு. எந்திரத்தில் தைக்கும்போது துணியின் அடியில் நூல் சிக்கலாகச் சுருண்டால், பெரும்பாலும் மேல்நூல் முறையாகக் கோக்கப்படவில்லை என்பது பொருள். பாபினை மாற்றுவதற்கு முன் மேல்நூலைக் கழற்றி மீண்டும் கோத்துப் பார்க்கவேண்டும். துணியைப் பின்னிருந்து இழுத்தால் ஊசி வளையும் அல்லது முறியும். துணியை நகர்த்துவது எந்திரத்தின் பற்களின் வேலை, வழிகாட்டுவதே கையின் வேலை. காதில் முறுக்கு விழுந்திருப்பது தைத்து முடித்த பின்னரே தெரியவரும்; தைக்குமுன் குண்டூசி குத்தி ஒருமுறை தூக்கிப் பார்த்தால் இது நேராது. கோணலாக விழுந்த தையலைப் பிரித்து மீண்டும் தைப்பதற்குத் தயங்கக்கூடாது. பிரிக்கத் தெரிவதும் தையற்கலையின் ஒரு பகுதியே.

தைத்து முடித்த பையைச் சோதித்தபின் பயன்படுத்த வேண்டும். ஐந்து கிலோ அரிசியை இட்டுச் சிறிது தூரம் நடந்து பார்த்து, காதின் அடியை உற்றுநோக்க வேண்டும். நூல் விலகியிருந்தால் அப்போதே தைத்துவிடலாம். ஒரு நூல் அறும்போது தைத்தால் ஒரு நிமிடம். காது அறுந்தபின் தைத்தால் ஒரு மணி நேரம்.

கைத்தொழிலும் தன்மதிப்பும்

பள்ளி மாணவர்க்குத் தையல் தொலைவான கலையன்று. அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை விலையில்லாமல் வழங்கப்படும் சீருடைகளைச் சமூகநலத் துறையின்கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கின்றனர். வறிய மகளிர்க்குத் தையல் எந்திரம் வழங்கும் அரசுத் திட்டம் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் நடைபெறுகிறது. 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களுள் பல, துணிப்பை தைப்பதை வருவாய்க்குரிய தொழிலாகக் கொண்டுள்ளன. சின்னாளபட்டியை அடுத்த காந்திகிராமம் 1947ஆம் ஆண்டு முதல் கதர், கைத்தொழில் ஆகியவற்றின் வழியாக ஊரகத் தற்சார்பைக் கற்பித்து வருகிறது. இங்கெல்லாம் ஊசியும் நூலும் ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தாங்குகின்றன.

ஒரு பையைத் தன் கையால் தைத்துப் பார்த்தவர், கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பையைப் பழையபடி பார்க்க மாட்டார். அதில் எத்தனை அளவுகள், எத்தனை மடிப்புகள், எத்தனை நிமிட உழைப்பு என்பதை அவர் விரல்கள் அறியும். விலையைக் குறைத்துக் கேட்கும்போது குறைவது தைத்தவரின் கூலி என்பதும் அவருக்குப் புரியும். பொருளின் மதிப்பை அறிவதற்குச் செய்து பார்த்தலைவிடச் சிறந்த வழியில்லை.

வளர்ந்துவிட்டதால் பயன்படாமல் கிடக்கும் சீருடை ஒன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும். பருத்தி விளைந்த நீர், நெய்த உழைப்பு, தைத்த கூலி ஆகிய அனைத்தும் ஏற்கெனவே அதற்குக் கொடுக்கப்பட்டுவிட்டன. அதிலிருந்து காது அறாத ஒரு பை உருவாகி, சந்தைக்கும் நூலகத்துக்கும் ஆண்டுக்கணக்கில் சென்று வருமாயின், அந்த விலை வீணாகவில்லை என்று பொருள்.